அரசவையில் அமானிதம்: முஸ்லிம் மன்னர்கள் நம்பிய யூத மேதைகள்

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே செல்லும் சாலையில் ஏரிகளையும் நெல்வயல்களையும் கடந்து சென்றால் உத்திரமேரூர் வருகிறது. அவ்வூரின் வைகுந்தப் பெருமாள் கோயில் கற்சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச்சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை எடுத்துரைக்கின்றன. நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் இதனைப் படித்திருப்பார்கள். தேர்வு முடிந்ததும் மறந்தும் இருப்பார்கள்.

அவ்விதிகளைச் சற்றே நினைவுகூர்வோம். போட்டியிடுபவர் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் உடையவராக இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி வயது 35க்கு மேல் 70க்குள் இருத்தல் வேண்டும். கடந்த மூன்றாண்டுகளில் வாரியப் பொறுப்பு வகித்திருத்தல் கூடாது. முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. பதவி என்பது பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருள் என்ற உணர்வு அக்கல்லில் பதிந்திருக்கிறது. நம் மார்க்கம் இதனையே அமானிதம் என்கிறது.

இன்னொரு விதியும் அங்கே உண்டு. அவ்வூர் ஒரு சதுர்வேதிமங்கலம். ஆகவே வேத அறிவு பெற்றவரே சபையில் அமர முடியும். இதனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அக்காலத்தில் உலகின் பெரும்பாலான ஆட்சிகளில் பொறுப்பு என்பது அவரவர் சமயத்தாரின் வேலிக்குள்ளேயே நின்றது. அதே தலைமுறையில், கடல்கள் பலவற்றுக்கு அப்பால் அந்தலுஸ் நாட்டில், ஒரு முஸ்லிம் கலீஃபா அவ்வேலியைத் தாண்டினார். தம் சமயத்தைச் சேராத ஒருவரிடம் தம் உடல்நலத்தையும், துறைமுகச் சுங்கத்தையும், அயல்நாட்டு உறவையும் ஒப்படைத்தார். அவர் நம்பிய மனிதர் ஒரு யூதர்.

அன்பு வாசகர்களே! நம் இல்லங்களில் சில வேளைகளில் 'யூதன்' என்னும் பெயரே ஒரு வசைச்சொல்லாக வழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். வஞ்சகம் செய்தவனை அப்பெயரால் ஏசுவோர் உண்டு. பிள்ளைகள் அதனைக் கேட்டே வளர்கின்றனர். அந்தச் சொல்லை மீண்டும் உச்சரிக்கும் முன், நம் முன்னோர் அதே சமுதாயத்தினரிடம் எதையெல்லாம் நம்பி ஒப்படைத்தனர் என்பதை ஒருமுறை அறிந்துகொள்வது நலம்.

குர்துபாவின் மருத்துவர்

மூன்றாம் அப்துர் ரஹ்மான் 912ஆம் ஆண்டு குர்துபாவில் ஆட்சிக்கு வந்தார். 929இல் தம்மைக் கலீஃபா என்று அறிவித்தார். அவருடைய அவையில் மருத்துவராக நுழைந்தவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத். எபிரேயம், அரபி, இலத்தீன் ஆகிய மொழிகளில் வல்லவர். மருத்துவத்தில் தொடங்கிய நம்பிக்கை, சுங்கத் துறைக்கும் தூதுவர்களை வரவேற்கும் பணிக்கும் வளர்ந்தது.

கான்ஸ்டாண்டிநோபிளின் கிறிஸ்தவப் பேரரசர் கலீஃபாவுக்கு ஒரு நூலை அன்பளிப்பாக அனுப்பினார். கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடீஸ் மூலிகைகளைப் பற்றி எழுதிய படங்களுடன் கூடிய நூல் அது. பக்தாதில் அதற்கு முன்பே அரபி மொழிபெயர்ப்பு தோன்றியிருந்தது. ஆனால் மூலிகைகள் பலவற்றின் பெயர்கள் கிரேக்கத்திலேயே நின்றுவிட்டன. எந்தச் செடி எது என்று அறியாமல் மருந்து கொடுப்பது எப்படி? குர்துபாவில் கிரேக்கம் அறிந்தவர் இல்லை. கலீஃபா கேட்டுக்கொண்டபடி 951இல் நிக்கோலஸ் என்னும் கிறிஸ்தவத் துறவி வந்து சேர்ந்தார். அவரும், யூதரான ஹஸ்தாயும், முஸ்லிம் மருத்துவர்களும் ஒன்றாக அமர்ந்து ஒவ்வொரு செடியாக இனங்கண்டனர். அந்நாட்டு மருத்துவர் இப்னு ஜுல்ஜுல் இதனைப் பதிவு செய்திருக்கிறார். மூன்று சமயத்தார் ஒரே நூலின் முன் குனிந்திருந்த அந்தக் காட்சியைச் சற்றே மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள்.

லியோன் நாட்டுக் கிறிஸ்தவ மன்னன் சாஞ்சோ, குதிரையேறவும் இயலாதபடி உடல் பருத்து, அதனாலேயே அரியணையை இழந்தான். அவனுக்கு மருத்துவம் செய்தவரும் ஹஸ்தாயே. மருத்துவத்தோடு அரசியலும் நடந்தது. சாஞ்சோவின் பாட்டியான நவார் நாட்டு அரசி தோதா, பேரனை அழைத்துக்கொண்டு குர்துபாவுக்கே வந்தார். உடல் மெலிந்த சாஞ்சோ, கலீஃபாவின் படைத்துணையுடன் மீண்டும் அரியணை ஏறினான். வாள் சாதிக்காததை ஒரு மருத்துவரின் பத்தியமும் பேச்சும் சாதித்தன.

இதற்காக ஹஸ்தாய் தம் சமயத்தை மறைக்கவோ மாற்றவோ இல்லை. எபிரேய இலக்கணப் புலவர்களையும் கவிஞர்களையும் அவர் ஆதரித்தார். அரபி யாப்பில் எபிரேயக் கவிதை எழுதும் புதுவழி அவருடைய நிழலில்தான் தழைத்தது.

கர்னாத்தாவின் வஜீர்

குர்துபாவின் கிலாஃபத் உள்நாட்டுப் போரில் சிதைந்தது. 1013இல் நகரம் சூறையாடப்பட்டபோது தப்பியோடியவர்களில் சாமுவேல் என்ற யூத இளைஞரும் ஒருவர். அரபியர் அவரை இஸ்மாயீல் இப்னு நக்ரீலா என்று அழைத்தனர். அவர் மாலகா நகரில் கடை வைத்துப் பிழைத்தார் என்றும், அரண்மனைப் பணிப்பெண்ணுக்காக அவர் எழுதித் தந்த கடிதங்களின் அரபி நடையழகைக் கண்டு வஜீர் வியந்து அவரைத் தேடி அழைத்தார் என்றும் யூத வரலாற்று நூல் ஒன்று கதை கூறுகிறது. கதை எவ்வாறாயினும், கர்னாத்தாவின் பெர்பர் மன்னர் ஹப்பூஸிடமும், 1038இல் பட்டமேறிய அவருடைய மகன் பாதீஸிடமும் அவர் வஜீராகப் பணியாற்றியது வரலாறு. முஸ்லிம் அரசின் படைகளோடு போர்க்களங்களுக்கும் சென்றார். அவ்வனுபவங்களை எபிரேயத்தில் கவிதைகளாகப் பாடினார். 1056இல் இறக்கும்வரை பொறுப்பில் இருந்தார்.

மார்க்க மேதை இப்னு ஹஸ்ம் தம் இளமையில் இவருடன் சமய வாதம் புரிந்தவர். யூத சமயத்தை மறுத்துக் கடுமையாகவும் எழுதினார். சொல்லுக்குச் சொல், ஏட்டுக்கு ஏடு என்று நடந்த வாதம் அது. கருத்து வேற்றுமை என்பது அறிஞர் அவைக்குரியது. அது தெருவுக்கு இறங்கும்போது என்ன நேரும் என்பதையும் கர்னாத்தாவே நமக்குக் காட்டிவிட்டது.

சாமுவேலுக்குப் பின் அவருடைய மகன் யூசுஃப் வஜீரானார். தந்தையின் பணிவு மகனுக்கு வாய்க்கவில்லை என்று எழுதியோர் உண்டு. அரண்மனைச் சூழ்ச்சிகளில் அவர் பெயர் அடிபட்டது. அபூ இஸ்ஹாக் என்னும் கவிஞர், யூதர்களுக்கு எதிராக மக்களைத் தூண்டும் பாடல் ஒன்றை இயற்றினார். 1066ஆம் ஆண்டு டிசம்பர் மாத இறுதியில் ஒரு கூட்டம் அரண்மனைக்குள் புகுந்து யூசுஃபைக் கொன்றது. அத்துடன் நிற்கவில்லை, நகரத்து யூதக் குடும்பங்கள் மீது பாய்ந்து பலரை வெட்டி வீழ்த்தியது.

இதனை நாம் மறைக்க வேண்டியதில்லை, மறைக்கவும் கூடாது. ஒரு வஜீர் தவறிழைத்திருந்தால் அவரை விசாரிக்கக் காழி இருந்தார், தண்டிக்க மன்னர் இருந்தார். அடுப்பங்கரையில் இருந்த பெண்ணும் தொட்டிலில் இருந்த குழந்தையும் என்ன பிழை செய்தனர்? ஒருவர் சுமக்க வேண்டியதை மற்றவர் மீது ஏற்றுவதற்கு இறைமறையில் இடமில்லை. அன்று அந்தக் கூட்டம் மீறியது யூதர்களின் உரிமையை மட்டுமன்று, தன் வேதத்தையும்தான்.

நம் கடலில் மூழ்கிய தம்பி

இனி வரும் வரலாற்றில் நம் இந்தியக் கரைக்கும் பங்குண்டு. அக்காலத்தில் ஏடனிலிருந்தும் எகிப்திலிருந்தும் யூத வணிகர்கள் முஸ்லிம் வணிகர்களோடு ஒரே கலத்தில் மிளகுக்கும் துணிக்கும் இந்தியா வந்தனர். ஆபிரகாம் பென் யிஜு என்பவர் 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் ஆண்டுக்கணக்கில் தங்கி வணிகம் செய்தார். அவருடைய கடிதங்கள் எகிப்தின் பழைய ஃபுஸ்தாத் நகரத்து யூதத் தொழுகையிடத்தின் ஏட்டறையில் கிடைத்தன. அவ்வழியில் இந்தியாவுக்குப் புறப்பட்ட இன்னொருவர் தாவூத். இரத்தின வணிகர். அவர் சென்ற கலம் இந்தியக் கடலில் மூழ்கியது. அவரோடு அண்ணனின் பணமும், பிறருடைய முதலும் மூழ்கின.

அந்த அண்ணன்தான் மூசா இப்னு மைமூன். தம்பியை இழந்த துயரில் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவர் படுக்கையில் கிடந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் எழுதிய மடலிலும் அந்தத் துயரம் ஆறாதிருந்தது. அதுவரை தம்பியின் உழைப்பில் நூல்களில் மூழ்கியிருந்தவர், இரு குடும்பங்களைக் காக்க மருத்துவத் தொழிலைக் கைக்கொண்டார். நம் கடலில் நேர்ந்த ஒரு விபத்துதான் எகிப்தின் அரசவைக்கு ஒரு மருத்துவ மேதையை அளித்தது.

இப்னு மைமூன் குர்துபாவில் பிறந்தவர். 1148இல் அந்நகரை முவஹ்ஹிதூன்கள் கைப்பற்றினர். யூதரும் கிறிஸ்தவரும் தத்தம் சமயத்தில் நீடிப்பதை அவர்கள் பொறுக்கவில்லை. மாறு அல்லது வெளியேறு என்றனர். முந்திய முஸ்லிம் ஆட்சிகள் அளித்த பாதுகாப்பை அவர்கள் பறித்தனர். இப்னு மைமூனின் குடும்பம் ஊர் ஊராக அலைந்து, மொராக்கோவின் ஃபாஸ் நகரில் சில காலம் ஒடுங்கி வாழ்ந்து, பாலஸ்தீனம் வழியாக எகிப்தை அடைந்தது. ஒரு முஸ்லிம் ஆட்சியிலிருந்து தப்பிய அவர்கள் அடைக்கலம் தேடியதும் மற்றொரு முஸ்லிம் ஆட்சியில்தான் என்பதைக் கவனியுங்கள்.

எகிப்தில் பின்னர் சுல்தான் சலாஹுத்தீன் அய்யூபியின் ஆட்சி ஏற்பட்டது. சுல்தானின் வலக்கரமாக விளங்கிய பெரும் அரபிப் புலவர் அல்காழி அல்ஃபாழில், இப்னு மைமூனை ஆதரித்தார். பின்னர் சுல்தானின் மூத்த மகன் அல்அஃப்ழலுக்கும் அவர் மருத்துவரானார். அவருக்காக உடல்நலம் பேணும் முறை பற்றி அரபியில் ஒரு நூலும் எழுதினார். 1199இல் தம் நண்பருக்கு எழுதிய மடலில் தம் அன்றாட வாழ்வை அவர் விவரித்திருக்கிறார். நாள்தோறும் காலையில் ஃபுஸ்தாத்திலிருந்து காஹிராவின் அரண்மனைக்குச் செல்வார். நண்பகலுக்குப் பின் பசியோடு வீடு திரும்பினால், வாசலில் யூதரும் முஸ்லிம்களும், எளியவரும் நீதிபதிகளும் காத்திருப்பர். பொறுத்தருளுமாறு அவர்களை வேண்டிக்கொண்டு, அந்நாளின் ஒரே உணவை உண்டுவிட்டு வருவார். இரவு வெகுநேரம் வரை, களைப்பால் சாய்ந்தபடியே மருந்து சொல்வார்.

அவருடைய தத்துவப் பெருநூலான 'திகைத்தோருக்கு வழிகாட்டி' அரபி மொழியில், எபிரேய எழுத்தில் எழுதப்பட்டது. இது நமக்கு வியப்பாக இருக்கத் தேவையில்லை. நம் பாட்டிமார் தமிழை அரபி எழுத்தில் எழுதிய அரபுத் தமிழ் ஏடுகளைப் போற்றியவர்களல்லவா? பேசும் மொழி அண்டை அயலாருடையது, எழுத்து வேதத்தினுடையது. சிறுபான்மையாக வாழும் மக்கள் எங்கும் கண்ட வழி இது.

காழி அளித்த தீர்ப்பு

இப்னுல் கிஃப்தீ என்னும் முஸ்லிம் வரலாற்றாசிரியர் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். அந்தலுஸிலிருந்து எகிப்துக்கு வந்த ஒருவர், இப்னு மைமூனை அடையாளம் கண்டு குற்றம் சாட்டினார். 'இவர் அங்கே இஸ்லாத்தை ஏற்றவர். இங்கே மீண்டும் யூதராக வாழ்கிறார்' என்பது குற்றச்சாட்டின் சாரம். குற்றம் உறுதியானால் தண்டனை கடுமையானது.

வழக்கு அல்காழி அல்ஃபாழிலிடம் வந்தது. கட்டாயத்தின் பேரில் இஸ்லாத்தை ஏற்றவருடைய ஏற்பு சட்டப்படி செல்லாது என்று அவர் தடுத்துவிட்டார். செல்லாத ஏற்பிலிருந்து மீள்வது எப்படிக் குற்றமாகும்?

அத்தீர்ப்பின் கனத்தை எண்ணிப் பாருங்கள். ஜெருசலத்திற்காக சிலுவைப் போர் நடந்த காலம் அது. சமய உணர்ச்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு யூதரைப் பலி கொடுத்தால் கூட்டம் மகிழ்ந்திருக்கும். அல்ஃபாழில் கூட்டத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. மார்க்கத்தில் நிர்ப்பந்தமில்லை என்னும் இறைக்கட்டளையைப் பார்த்தார். நண்பரைக் காக்கச் சட்டத்தை வளைத்தார் என்றும் சொல்ல இயலாது. சட்டமே அவ்வாறுதான் இருந்தது. முவஹ்ஹிதூன்கள் மறந்ததை அவர் மறக்கவில்லை.

1204இல் இப்னு மைமூன் மறைந்தார். அவருடைய மகன் இப்ராஹீமும் அரசவை மருத்துவரானார். மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உசைபிஆ, காஹிராவின் மருத்துவமனையில் அவரைக் கண்டு பழகியதைக் குறித்திருக்கிறார்.

காயலில் ஒரு வஜீர்

இந்த நம்பிக்கை ஒருவழிப் பாதையன்று என்பதற்கு நம் தமிழ் மண்ணே சாட்சி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய மன்னன் சுந்தர பாண்டியனுக்கு அமைச்சராகவும் ஆலோசகராகவும் இருந்தவர் ஒரு முஸ்லிம். மலிக் தகியுத்தீன் என்பது அவர் பெயர். காயல் உள்ளிட்ட மூன்று துறைமுகங்களின் பொறுப்பு அவரிடம் இருந்தது. அவருடைய சகோதரர் ஜமாலுத்தீன் பாரசீக வளைகுடாவிலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப உடன்பாடு செய்துகொண்டார்.

இச்செய்தியை நமக்குத் தந்தவர் யார் தெரியுமா? பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய முஸ்லிம் மன்னர் கஸான் கானின் வஜீரான ரஷீதுத்தீன். ஹமதான் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, மருத்துவராகி, முப்பது வயதளவில் இஸ்லாத்தைத் தழுவியவர். அவர் எழுதிய பெரும் உலக வரலாற்றில் நம் மஅபர் கரையும் இடம்பெற்றது. யூதராகப் பிறந்த ஒருவர் முஸ்லிம் அரசவையில் அமர்ந்து, இந்து மன்னனின் அவையில் பொறுப்பு வகித்த ஒரு முஸ்லிமைப் பற்றி எழுதினார்!

ஆனால் அவருடைய முடிவு வேதனைக்குரியது. மன்னர் உல்ஜாய்த்துவை நஞ்சூட்டிக் கொன்றார் என்ற பழி சுமத்தப்பட்டு, 1318இல் அவர் கொல்லப்பட்டார். பல்லாண்டுகளுக்குப் பின் தைமூரின் மகன் மீரான்ஷா, அவருடைய எலும்புகளைத் தோண்டி எடுத்து யூதர் இடுகாட்டில் புதைக்கச் செய்தான் என்பர். நாற்பதாண்டுகள் முஸ்லிமாக வாழ்ந்தவரையும் பிறப்பைச் சொல்லிப் பிரித்தது பகை உள்ளம்.

நம் முன் நிற்கும் கேள்வி

இவ்வரலாற்றை வெறும் பெருமையாகப் பேசி முடிப்பது எளிது. அன்றைய ஆட்சிகளில் யூதரும் கிறிஸ்தவரும் பாதுகாக்கப்பட்ட குடிகள், ஜிஸ்யா செலுத்தினர், உடையிலும் வழிபாட்டிடங்களிலும் சில காலங்களில் கட்டுப்பாடுகளைச் சுமந்தனர். இன்று நாம் பேசும் சம உரிமை அதுவன்று. இருப்பினும் தகுதியும் நாணயமும் உடையவருக்கு வாசல் திறந்திருந்தது. திறந்தவர் யாராயினும் நன்மை அடைந்தனர், மூடியவர் இழந்தனர். 1492இல் கர்னாத்தா கிறிஸ்தவ மன்னர்களிடம் வீழ்ந்தது. அதே ஆண்டில் அம்மன்னர்கள் யூதர்களை ஸ்பெயினிலிருந்து விரட்டினர். பின்னர் முஸ்லிம்களுக்கும் அதே கதி நேர்ந்தது. விரட்டப்பட்ட யூதர்களில் பலரை வரவேற்றவர் உதுமானியச் சுல்தான் இரண்டாம் பாயஸீத்.

1948இல் தொடங்கிய பாலஸ்தீனத் துயரம் இன்றும் ஓயவில்லை. அங்கே இடிந்த வீடுகளையும் புதைக்கப்படும் குழந்தைகளையும் காணும்போது நம் நெஞ்சு பதறுகிறது, பதறத்தான் வேண்டும். அநீதியை அநீதி என்று உரக்கச் சொல்வது நம் கடமை. ஆயினும் ஓர் அரசு செய்யும் கொடுமைக்காக ஒரு சமயத்தாரையே வெறுப்பது, யூசுஃபின் பெயரால் தொட்டிலைத் தேடிச் சென்ற கர்னாத்தாக் கூட்டத்தின் வழியாகும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்துவிடக் கூடாது என்பது திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் நமக்கு விடுக்கும் எச்சரிக்கை. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது எழுந்து நின்றவர் நம் நாயகம் (ஸல்) அவர்கள். அதுவும் ஓர் உயிரல்லவா என்பதே அவர்கள் கற்பித்த பாடம்.

இந்நாட்டில் நாமும் எண்ணிக்கையில் குறைந்தவர்கள். எங்கோ ஒருவன் செய்த குற்றத்திற்கு நம் அனைவரையும் கூண்டிலேற்றும்போது எவ்வளவு வலிக்கிறது! அந்த வலியை அறிந்த நாம் அதனைப் பிறருக்குக் கொடுக்கலாமா?

உத்திரமேரூர்க் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவன் பொறுப்புக்கு ஆகான் என்றது. நம் வேதம், அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்கக் கட்டளையிடுகிறது. நம் கடையில் கணக்கெழுதும் இந்துச் சகோதரர், நம் அன்னைக்கு மருத்துவம் பார்க்கும் கிறிஸ்தவச் சகோதரி, நம்மை நம்பிப் பணம் கொடுத்து வைத்திருக்கும் அண்டை வீட்டார் ஆகியோரிடம் நாம் நடந்துகொள்ளும் முறையில்தான் குர்துபாவும் காஹிராவும் உயிர் வாழ்கின்றன. இன்றிரவு பிள்ளைகளோடு அமர்ந்து உண்ணும்போது, இந்தியக் கடலில் தம்பியை இழந்த அந்த மருத்துவரின் கதையையும், அவரைக் காத்த காழியின் கதையையும் சொல்லுங்கள். அடுத்த முறை அந்த வசைச்சொல் நாவில் எழும்போது பிள்ளையே உங்களைத் தடுக்கட்டும்.

பகைக்கும் நீதிக்கும் இடையே நீதியைத் தேர்ந்தெடுக்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.